ரெண்டு டிஸ்க்கும் ஒரு கல்யாண கேசட்டும்

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்திருக்கேன். "வீட்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டு ரெய்டு பண்ணலாமா? அது உண்மையிலேயே தேவையா?" பதில் தெரிஞ்ச ஆளு நான்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுல ரெண்டு தடவை அடிபட்டவன். அதனால அந்தக் கதையோடயே சொல்லிடறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். இந்த வார்த்தையை எங்க அப்பாகிட்ட முதன்முதலா சொன்னப்போ அவர் முகம் மாறிடுச்சு. "ரெய்டா? நம்ம கடைக்கு எதுக்குலே ரெய்டு வருது? வரியெல்லாம் ஒழுங்காத்தானே கட்டுதோம்?" அந்த ரெய்டு வேற. இது ஆர், ஏ, ஐ, டி. நிறைய டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி வேலை வாங்குறதுக்கு வெச்ச பேரு.

கடையும் கேசட்டும்

என் ஊர் சங்கரன்கோவில். தென்காசி மாவட்டம். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்தோம். வெளியூர்க்காரங்களுக்கு சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும் தெரியும். மல்லிகைப் பூ மார்க்கெட்டும் விசைத்தறியும் வியாபாரிகளுக்குத் தெரியும். எங்க அப்பா அங்க ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கார். கல்யாணம், சடங்கு, புதுமனை, கோயில் கொடை, எல்லாத்துக்கும் வீடியோ எடுப்பார். முதல்ல வி.எச்.எஸ். அப்புறம் மினி டி.வி. கேசட். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா இருக்குமே, அது.

2017-ல எனக்கு ஒரு ஞானோதயம் வந்துச்சு. கேசட் எல்லாம் பூஞ்சை பிடிக்குது, கேமரா ரிப்பேர் ஆனா ஓட்டுறதுக்கு மெஷினே கிடைக்காது, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு. மினி டி.வி. கேசட்டை ஏத்துறதுல குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேர கேசட்டை ஏத்த ஒரு மணி நேரம் ஓடணும். ஒரு கேசட் கிட்டத்தட்ட 13 ஜிபி. எங்ககிட்ட இருந்தது 140 கேசட். லீவுக்கு லீவு ஊருக்கு வந்து, மிச்சத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து, எல்லாத்தையும் ஒரு 2 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ்ல போட்டு முடிச்சோம்.

முடிச்ச சந்தோஷத்துல நான் ஒரு வேலை பண்ணினேன். ரொம்பப் பூஞ்சை பிடிச்சிருந்த 40 கேசட்டை, "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே"ன்னு குப்பையில போட்டுட்டேன். அப்பா வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல.

2021 கடைசியில ஒரு அக்கா கடைக்கு வந்தாங்க. 2004-ல அவங்க கல்யாணத்துக்கு அப்பாதான் வீடியோ. அந்த வருஷம் அவங்க அப்பா இறந்துட்டார். வீட்டுல ஆல்பம் இருக்கு, போட்டோ இருக்கு. வீட்டுல இருந்த சி.டி. எப்பவோ கீறல் விழுந்து போயிடுச்சு. "போட்டோவுல பாத்துட்டே இருக்கேன் அண்ணாச்சி. அப்பா நடக்கதப் பாக்கணும் போல இருக்கு. கேசட்டு இருக்குமா?"ன்னு கேட்டாங்க.

அப்பா சிரிச்சுக்கிட்டே, "இருக்கும்மா, பையன் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். ஒக்காருங்க"ன்னார். டிரைவை எடுத்துச் சொருகினார். டிக்... டிக்... டிக்... அவ்வளவுதான். அந்த சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும். உள்ள இருக்கிற ஹெட், படிக்க முயற்சி பண்ணித் தோத்துத் தோத்துத் திரும்பிப் போற சத்தம் அது.

அந்தக் கல்யாணத்தோட கேசட், நான் குப்பையில போட்ட 40-ல ஒண்ணு.

டிரைவைச் சென்னைக்கு எடுத்துட்டு வந்து டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்துட்டு, ஹெட் தட்டுல உரசி மேல்பூச்சையே சுரண்டியிருக்கு, எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த அக்காவுக்கு நான்தான் போன் பண்ணினேன். அவங்க திட்டவே இல்ல. "சரி தம்பி, பரவால்ல"ன்னு வெச்சுட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெய்டுன்னா என்ன

மிச்சம் 100 கேசட் இருந்துச்சு. அதைத் திரும்ப ஏத்தணும். இந்தத் தடவை ஒரு டிஸ்க் செத்தா எல்லாம் போற மாதிரி இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் நான் ரெய்டு பக்கம் போனேன்.

இந்த யோசனைக்குப் பேர் வெச்சவங்க கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்த மூணு பேர். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ். அவங்க கட்டுரை 1988-ல வந்துச்சு. அப்போ பெரிய கம்பெனிகள் மெயின்ஃப்ரேமுக்கு ராட்சச டிஸ்க் வாங்குவாங்க, விலையும் ராட்சச விலை. பி.சி-க்கு வர்ற குட்டி டிஸ்க் மலிவு, ஆனா 100 எம்பி-தான். அந்தக் குட்டி டிஸ்க்கை நிறையச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க் வேலையைப் பார்க்க வைக்கலாமேங்கிறதுதான் அவங்க கேள்வி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணி நேரம் உழைக்கும்னு வெச்சுக்குவோம். 100 டிஸ்க் சேர்த்தா, அதுல ஏதோ ஒண்ணு சாகுறதுக்கு சராசரியா 300 மணி நேரம் போதும். ரெண்டு வாரம்கூட இல்ல. எண்ணிக்கை கூடக் கூட, ஏதாவது ஒண்ணு போற வாய்ப்பும் கூடும். அதனால, போனா சமாளிக்கிற மாதிரி கூடுதலா ஏதாவது எழுதி வைக்கணும். அந்தக் கூடுதலை எப்படி எழுதறோம்ங்கிறதுதான் ரெய்டு 1, ரெய்டு 5-ன்னு வர்ற நம்பர் எல்லாம்.

ரெய்டு 0: இதுல கூடுதல் எதுவுமே கிடையாது. ஒரு ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி ரெண்டு டிஸ்க்கிலயும் மாத்தி மாத்தி எழுதும். வேகம் கிடைக்கும், முழு இடமும் கிடைக்கும். ஆனா ஒண்ணு போனா ரெண்டும் போச்சு. திரும்ப உருவாக்கிக்கக்கூடிய தற்காலிக வேலைக்கு மட்டும் சரி.

ரெய்டு 1: கண்ணாடி. மிரர். ஒரே விஷயத்தை ரெண்டு டிஸ்க்கிலயும் எழுதும். 4 டிபி ரெண்டு வாங்கினா, உங்களுக்குக் கிடைக்கிற இடம் 4 டிபி-தான். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு அப்படியே வேலை செய்யும்.

இதை அப்பாவுக்குச் சொன்னப்போ அவர், "நம்ம சங்கரநாராயணர் மாதிரின்னு சொல்லு. ரெண்டு பேரு, ஒரே உருவம்"ன்னார். நான் கொஞ்சம் யோசிச்சுட்டு, "இல்லப்பா, அது பாதி பாதி. இது முழுசு முழுசு. ரெண்டு தட்டுலயும் முழு சாப்பாடு"ன்னேன். "அப்போ காசு ரெண்டு மடங்குன்னு சொல்லு"ன்னார். சரியாப் புரிஞ்சுக்கிட்டார்.

ரெய்டு 5: குறைஞ்சது மூணு டிஸ்க் வேணும். இதை நோட்டுக் கணக்கா சொல்றேன். முதல் நோட்டுல 5 முழம் பூ. ரெண்டாவது நோட்டுல 3 முழம். மூணாவது நோட்டுல கூட்டுத்தொகை மட்டும், 8. இப்போ எந்த நோட்டு தொலைஞ்சாலும் மிச்ச ரெண்டை வெச்சுக் கண்டுபிடிச்சிடலாம். 8-ல 5 போனா 3. டிஸ்க் கூட்டல் போடாது, ஒத்தையா இரட்டையான்னு பார்க்கிற மாதிரி ஒரு கணக்குப் போடும். ஆனா சூட்சுமம் இதுதான். அந்தக் கூட்டுத்தொகையையும் ஒரே டிஸ்க்கில வைக்காம எல்லா டிஸ்க்கிலயும் மாத்தி மாத்தி வைக்கும். மூணு 4 டிபி போட்டா 8 டிபி கிடைக்கும். ஒரு டிஸ்க் போனாத் தாங்கும். ரெண்டு போனா மொத்தமும் காலி. ரெய்டு 6-க்கு நாலு டிஸ்க் வேணும், ரெண்டு போனாலும் தாங்கும்.

வீட்டுக்கு, ரெண்டு டிஸ்க்கோட ரெய்டு 1 போதும்ங்கிறது என் அபிப்பிராயம். காரணம் இருக்கு. ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் செத்துப் புதுசு மாட்டினா, மிச்சம் இருக்கிற எல்லா டிஸ்க்கையும் முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சுத்தான் கணக்குப் போட முடியும். ஏற்கனவே வயசான டிஸ்க்கை மணிக்கணக்கா ஓட விடுறோம். ரெண்டாவது டிஸ்க் படுக்க ஏத்த நேரம் அதுதான். மிரர்ல இருந்து ஒரு டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் டேட்டா முழுசா இருக்கும். சிக்கல் குறைவு.

நான் பண்ணினது

2022-ல ரிச்சி ஸ்ட்ரீட்டுல 4 டிபி டிரைவ் ரெண்டு வாங்கினேன். வேணும்னே ரெண்டு கடையில. ஒரே பெட்டியில ஒரே நாள் தயாரான ரெண்டு டிரைவ் ஒரே மாதிரி வயசாகி, பக்கத்துப் பக்கத்து வாரத்துல சாக வாய்ப்பு உண்டு. வாங்கும்போது "சி.எம்.ஆர்" டிரைவான்னு கேட்டு வாங்குங்க. "எஸ்.எம்.ஆர்"னு ஒரு வகை இருக்கு, ஓட்டு வேயற மாதிரி ஒரு தடத்து மேல இன்னொரு தடம் ஏறிக்கிட்டு எழுதும். சும்மா சினிமா போட்டு வைக்க அது போதும். ரெய்டுல புது டிஸ்க்கை நிரப்பும்போது ரொம்பத் திணறும்.

ரெண்டையும் துண்டுல சுத்தி பேக்ல வெச்சு, பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன். எதிர் சீட்டுத் தாத்தா, "என்னய்யா, நகையா?"ன்னு கேட்டார்.

கடையில எடிட்டிங்குக்கு வெச்சிருந்த பழைய டெஸ்க்டாப்தான் வீடு. நீங்க பண்றதா இருந்தா, வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, போர்டுல ரெண்டு சாட்டா போர்ட் காலியா இருக்கான்னு பாருங்க. யு.எஸ்.பி-ல தொங்குற எக்ஸ்டர்னல் டிரைவை வெச்சு ரெய்டு போடாதீங்க. கேபிள் ஆடினாலே டிஸ்க் செத்துட்டதா நினைச்சுக்கும்.

ரெண்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் தனியா ஒரு எஸ்.எஸ்.டி-ல இருக்கட்டும். ரெய்டு டேட்டாவுக்கு மட்டும்.

மூணு, ரெய்டு போடுறதுக்கு முன்னாடி டிரைவை சோதிங்க. எல்லா டிரைவுக்குள்ளயும் "ஸ்மார்ட்"னு ஒரு சுய பரிசோதனை இருக்கு. அதுல நீண்ட டெஸ்ட்டை ஓட விடுங்க, பல மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் "ரீஅலொகேட்டட்", "பெண்டிங்"னு ரெண்டு எண் பாருங்க. புது டிரைவுல ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். பின்னாடி அது ஏற ஆரம்பிச்சா, டிரைவ் கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம்.

நாலு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு டிரைவோட சீரியல் நம்பர்ல கடைசி நாலு எழுத்தை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி, வெளியில தெரியற பக்கம் ஒட்டுங்க. ஒரு நாள் ஒண்ணு செத்துப் போகும். அன்னைக்குப் பதட்டத்துல நல்லா இருக்கிற டிரைவைக் கழட்டினவங்க ஏராளம்.

அஞ்சு, மென்பொருள். லினக்ஸ்ல "எம்.டி.ஏ.டி.எம்"னு ஒரு கருவி இருக்கு. நான் அதுதான் போட்டேன். ஒரே ஒரு கட்டளைதான். எந்த லெவல், எத்தனை டிஸ்க், எது எதுன்னு சொன்னா ரெண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க்காக் காட்டும். விண்டோஸ்ல "ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்"னு இருக்கு, அதுல டூ-வே மிரர். மதர்போர்டு பயாஸ்லயே ரெய்டு ஆப்ஷன் இருக்குமே, அதை நான் தொடல. அந்த போர்டு செத்தா அதே வகை போர்டு தேடி அலையணும். எதுல போட்டாலும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ரெய்டு போடும்போது அந்த டிஸ்க்கில ஏற்கனவே இருக்கிறது அழியும். காலி டிஸ்க்கில மட்டும் பண்ணுங்க. எந்த டிஸ்க்குன்னு சீரியல் நம்பரை ரெண்டு தடவை பார்த்துட்டுப் பண்ணுங்க.

போட்டதும் ரெண்டு டிஸ்க்கையும் ஒரே மாதிரி ஆக்க ஒரு சின்க் ஓடும். 4 டிபி, நொடிக்கு 150 எம்பி வேகம்னு வெச்சா ஏழரை மணி நேரம். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சேன். ஒண்ணரை மணிக்குக் கரண்ட் போச்சு.

வீட்டு இன்வெர்ட்டர் கடைக்கு வராது. கம்ப்யூட்டர் படக்குன்னு அணைஞ்சுது. காலையில கரண்ட் வந்ததும் ஆன் பண்ணினா, தானாவே திரும்ப சின்க் ஓட ஆரம்பிச்சது. டேட்டா எதுவும் ஏத்தல, அதனால நஷ்டம் இல்ல. ஆனா வேலை நடுவுல இப்படி அணைஞ்சா, ஒரு டிஸ்க்கில எழுதினது இன்னொண்ணுல எழுதாம நின்னுருக்கும். அதனால ஆறாவது, ஒரு யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கினாப் போதும், ஒழுங்கா ஷட் டவுன் பண்ணலாம். மூணாவது டிஸ்க்குக்குக் காசு இருந்தா முதல்ல அதை யு.பி.எஸ்-ல போடுங்க.

ஏழு, செத்துக் காட்டச் சொல்லுங்க. சின்க் முடிஞ்சதும் நிலைமையைக் கேட்டா லினக்ஸ் ரெண்டு எழுத்து காட்டும். யூ, யூ. ரெண்டும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஒரு கேசட்டை மட்டும் ஏத்திட்டு, கம்ப்யூட்டரை அணைச்சு, ஒரு டிரைவோட கேபிளைக் கழட்டினேன். ஆன் பண்ணினேன். இப்போ யூ, பக்கத்துல ஒரு கோடு. அப்பாவைக் கூப்பிட்டு அந்த வீடியோவைப் போடச் சொன்னேன். ஓடுச்சு. "ஒண்ணைக் கழட்டிட்டேன்பா"ன்னு டிரைவைக் கையில காட்டினேன். அப்பதான் அவருக்கு நம்பிக்கை வந்துச்சு. எனக்கும்.

எட்டு, மெயில் அலர்ட். ஒரு டிஸ்க் செத்தா ரெய்டு சத்தமே போடாது, வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். அதுதான் அதோட அருமை, அதுதான் அதோட ஆபத்தும். ஆறு மாசம் ஒத்தை டிஸ்க்கில ஓடுறது தெரியாமலே ரெண்டாவதும் போகும். அதனால ஒண்ணு போன உடனே எனக்கு மெயில் வர்ற மாதிரி வெச்சேன்.

அழிச்சதும் ரெண்டு தடவை

அஞ்சு மாசத்துல 100 கேசட்டும் ஏத்தியாச்சு. இந்தத் தடவை ஒரு கேசட்டையும் தூக்கிப் போடல. அப்பா எல்லாத்தையும் டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டார். என் மேல அவ்வளவு நம்பிக்கை.

2023-ல ஒரு நாள், ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கிறதைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். ராத்திரி ரெண்டு மணி. "ஆடித்தபசு 2006"-ன்னு ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு காப்பின்னு நினைச்சு ஷிப்ட் டெலீட். அப்புறம் இன்னொண்ணைத் திறந்தா, உள்ள எடிட் பண்ணின பத்து நிமிஷம் மட்டும்தான் இருக்கு. நான் அழிச்சது ஒரிஜினல். நாலு மணி நேரப் பதிவு.

ரெய்டு என்ன பண்ணுச்சு? தன் வேலையை ரொம்ப ஒழுங்கா செஞ்சது. நான் அழின்னு சொன்னதை ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே நேரத்துல அழிச்சது. நிலைமை என்னன்னு கேட்டேன். யூ, யூ. ரெண்டு டிஸ்க்கும் ஆரோக்கியமா இருக்கு!

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. நான் ரெய்டை பேக்கப்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ரெய்டு பேக்கப் இல்ல. ஒரு டிஸ்க் செத்தாலும் கடையை மூடாம வேலையைத் தொடர வைக்கிறதுதான் அதோட வேலை. நான் தப்பா அழிச்சா, வைரஸ் வந்து பூட்டினா, மின்னல் இறங்கினா, கம்ப்யூட்டரையே திருடன் தூக்கிட்டுப் போனா, ரெய்டுக்கு எதுவும் தெரியாது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில, ஒரே மின்சாரத்துல, ஒரே ஆளோட விரலுக்குக் கீழ இருக்கு.

காலையில அப்பாகிட்டப் போய் நின்னேன். ஒண்ணும் சொல்லாம இடுப்புச் சாவியை எடுத்துக் கொடுத்தார். டிரங்குப் பெட்டியில இருந்து நாலு கேசட்டை எடுத்து, திரும்ப நாலு மணி நேரம் ஓட்டினேன். மூணு கேசட் நல்லா வந்துச்சு. நாலாவதுல ஒரு இடத்துல கட்டம் கட்டமா உடைஞ்சு மூணு நிமிஷம் போயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு முன்னாடி நல்லா ஏறின கேசட்தான். அந்த மூணு நிமிஷம் இனி எங்கயும் கிடையாது.

பக்கத்து ஊர்ல நடந்தது

சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல கரிவலம்வந்தநல்லூர்னு ஒரு ஊர் இருக்கு. அங்க பால்வண்ணநாதர் கோயில். உ.வே. சாமிநாதையர் தன்னோட "என் சரித்திரம்" புத்தகத்துல இந்த ஊரைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு பாண்டிய மன்னர் சேர்த்து வெச்ச ஏட்டுச்சுவடிகள் அந்தக் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு, ஆசையாத் தேடிட்டு வர்றார். வந்து கேட்டா, பழைய ஏடுகளைக் கண்ட இடத்துல போடக் கூடாதுன்னு, நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டுட்டதாச் சொல்றாங்க. அவமதிக்கணும்னு பண்ணல. மரியாதையாத்தான் எரிச்சிருக்காங்க. நான் கேசட்டைக் குப்பையில போட்ட மாதிரி அலட்சியமாக்கூட இல்ல.

அதுல என்னென்ன இருந்துச்சோ. வேற ஊர்ல வேற வீட்டுல இன்னொரு பிரதி இருந்த நூல் பிழைச்சிருக்கும். அங்க மட்டும் இருந்தது போயிருக்கும். பனை ஓலை எப்படியும் சில நூறு வருஷத்துல உளுத்துப் போகும். திரும்பத் திரும்பப் படி எடுத்து, பல ஊர்ல வெச்சிருந்ததாலதான் சங்க இலக்கியம் நம்ம கைக்கு வந்துச்சு. சாமிநாதையர் ஒரு நூலுக்கு ஒரே ஒரு ஏட்டோட நிக்காம, ஊர் ஊராப் போய்ப் பல ஏடு தேடி ஒப்பிட்டார். ஒரு ஏட்டுல பூச்சி தின்ன இடம் இன்னொரு ஏட்டுல இருக்கும்.

1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரிச்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு. அந்தக் கட்டடத்துக்குள்ள எத்தனை பீரோ இருந்திருந்தாலும் எரிஞ்சுதான் இருக்கும். கட்டடத்துக்கு வெளியில ஒரு பிரதி. கேள்வியே அதுதான்.

இதுக்கு இன்னைக்கு ஒரு எளிய விதி சொல்றாங்க. 3-2-1. மூணு பிரதி, ரெண்டு வகை சாதனத்துல, அதுல ஒண்ணு வேற இடத்துல. இதைப் பிரபலப்படுத்தினவர் பீட்டர் க்ரோக்ங்கிற போட்டோகிராபர். நம்ம தொழில்காரர்னு அப்பாவுக்கு ஒரே பெருமை.

இப்போ எங்க ஏற்பாடு இதுதான். கடையில ரெய்டு. டிரங்குப் பெட்டியில கேசட். சென்னையில என் அறையில ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ். எக்ஸ்டர்னல் ரெண்டு வாங்கியிருக்கேன். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் ஒண்ணைக் கொண்டுபோய் பேக்கப் எடுத்து, திரும்பும்போது கொண்டுவந்துடுவேன். இன்னொண்ணு எப்பவும் இங்கயே இருக்கும். ரொம்ப முக்கியமான கொஞ்சம் மட்டும் கிளவுட்ல. மூணு மாசத்துக்கு ஒருக்க ஏதாவது ஒரு ஃபைலை பேக்கப்ல இருந்து திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல.

அப்போ உங்களுக்கு ரெய்டு தேவையா?

நேராச் சொல்லிடறேன். உங்ககிட்ட இருக்கிறது போன் போட்டோ, சில டாக்குமெண்ட், கொஞ்சம் வீடியோன்னா, ரெய்டு வேண்டாம். அதே காசுக்கு ரெண்டு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்குங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு ஊர்ல அம்மா வீட்டு பீரோவுல. கூட ஒரு கிளவுட். ரெய்டை விட இது பத்திரம்.

தினமும் பெரிய பெரிய ஃபைல்ல வேலை செய்றீங்க, ஒரு நாள் நின்னாலும் பொழப்பு கெடும், இல்லன்னா வீட்டுல எல்லாரும் ஒரே இடத்துல இருந்து எடுக்கிறாங்கன்னா, ரெய்டு 1 போடுங்க. ஆனா பேக்கப்புக்குக் காசை எடுத்து வெச்சுட்டு, மிச்சத்துல போடுங்க. வரிசை முக்கியம். நான் அந்த வரிசையை மாத்தித்தான் அடிவாங்கினேன்.

கடைசியா, அந்த அக்கா. கேப்பீங்கன்னு தெரியும்.

நான் போன் பண்ணி எட்டு மாசம் கழிச்சு, அக்காவே கடைக்கு வந்தாங்க. கையில ஒரு டிவிடி. அப்பா வழக்கமா மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு காப்பி கொடுப்பார், அவருக்கே மறந்துபோச்சு. கோவில்பட்டியில அவங்க நாத்தனார் வீட்டுல, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில, ஒரு சினிமா டிவிடி கவருக்குள்ள அது இருந்திருக்கு. ஒரே கீறல். கம்ப்யூட்டர்ல போட்டா பாதிதான் படிச்சது. நானும் அப்பாவும் மூணு பழைய டிவிடி டிரைவ் மாத்தி மாத்திப் போட்டு, ஒண்ணு விட்டதை இன்னொண்ணுல எடுத்து, கிட்டத்தட்ட முக்கால்வாசியைத் தேத்தினோம். தாலி கட்டுறது இல்ல. பந்தி இருந்துச்சு.

பந்தியில அவங்க அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சாம்பார் வாளியோட வர்றார். ஒரு இலைக்குப் பக்கத்துல குனிஞ்சு, என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டு, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி "இங்க எடுக்காத, அங்க எடு"ன்னு சொல்றார். எல்லாம் சேர்த்து 40 நொடி இருக்கும்.

அக்கா அதை எத்தனை தடவை போடச் சொன்னாங்கன்னு எண்ணல. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "தம்பி, இத நாலு பென் டிரைவுல போட்டுக் குடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு தங்கச்சிக்கு, ஒண்ணு துபாய்ல இருக்க தம்பிக்கு, ஒண்ணு திரும்ப கோவில்பட்டிக்கே. அவ வச்சிருந்ததாலதான கெடச்சுது"ன்னாங்க.

3-2-1 பத்தி அவங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. உங்க வீட்டுல ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கிற ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிங்க. பாட்டி பேசின வாய்ஸ் நோட்டா இருக்கலாம், பழைய போன்ல மாட்டிக்கிட்ட வீடியோவா இருக்கலாம். அதுக்கு இன்னொரு பிரதி எடுத்து வேற வீட்டுல கொடுத்துட்டு, எனக்கு என்னன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.